பார்த்ததை மட்டும் சொன்னவர்

லாரி இடித்ததைப் பார்த்தீர்களா என்று போலீஸ்காரர் கேட்டபோது அவர், "சத்தம் கேட்டுத் திரும்பினேன் சார். இடிச்சதைப் பாக்கல" என்றாராம். துறைமுகச் சாலையில் பைக்கோடு விழுந்து கிடந்தவர் இப்படிச் சொன்னவருடைய மனைவியின் தம்பி. தொடை எலும்பு முறிந்து கிடந்தார். பைக் தானாகச் சறுக்கி விழுந்தது என்று லாரிக்காரர் சாதித்தார். லாரிதான் இடித்தது, கண்ணால் பார்த்தேன் என்று இவர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கு ஜெயித்திருக்கும். மனைவி வீட்டார் கெஞ்சினார்கள், பிறகு ஏசினார்கள். இவரோ, தான் திரும்பியபோது லாரி எங்கே நின்றது, பைக் எந்தப் பக்கம் கிடந்தது, டயர்த் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாக வரைந்து கொடுத்தார். இடித்ததை மட்டும் எழுதவில்லை.

"லாரி இடிக்காம பைக் அங்கன எப்படிப் போய் விழும்? அது இவுகளுக்கும் தெரியும் மேடம். ஆனாலும் பாக்கலைன்னா பாக்கலைதான். என் தம்பி ஒரு வருசம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல" என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். அவர்கள் வீட்டுக்கு நான் முதல்முறை போயிருந்தபோது காபி ஆற்றிக்கொண்டே சொன்னது. குறைபோலவும் இருந்தது, பெருமைபோலவும் இருந்தது. நான் சிரித்தேன். அப்போது என்னால் சிரிக்க முடிந்தது.

துறைமுகத்துக்குள் வரும் கண்டெய்னர்களை எக்ஸ்ரே எடுக்கும் ஸ்கேனரில் அவர் ஆபரேட்டர். லாரி மெதுவாக ஒரு கூண்டுக்குள் புகுந்து வெளியே போகும். உள்ளே இருக்கும் சரக்கு சாம்பல் நிறத்தில் திரையில் விரியும். தாளில் எழுதியிருக்கும் சரக்கும் திரையில் தெரியும் சரக்கும் ஒன்றுதானா என்று பார்த்து, போகலாம் என்றோ, திறக்க வேண்டும் என்றோ அவர் குறிக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதுதான் வேலை. பார்ப்பதற்கு முன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு இடிக்கிற தூரத்துக்குக் குனிவார். எதைக் கேட்டாலும், "இருங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பார். வீட்டில் கேட் பூட்டியாயிற்றா என்று மனைவி கேட்டாலும் அதே பதில்தான். பூட்டியவரே அவராக இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார்.

ஒருமுறை மரச்சாமான் என்று எழுதியிருந்த கண்டெய்னரில் நடுவே ஏதோ அடர்த்தியாகத் தெரிந்ததென்று திறக்கச் சொல்லியிருக்கிறார். பாதிச் சரக்கை இறக்கிப் பார்த்தால் ஓர் இரும்பு பீரோ. வேலை கெட்ட கோபத்தில் ஏஜெண்ட் ஆள் வந்து சத்தம் போட்டிருக்கிறார். இவர் தான் எழுதிய சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் 'என்னவென்று தெரியவில்லை' என்றுதான் இருந்தது. "தெரியலைன்னு எழுதினேன். தெரிஞ்ச மாதிரி எழுத முடியாதுல்லா" என்று எனக்கு இதைச் சொன்னபோதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அதற்கு முன்னால் ஆறு வருடம் பெங்களூரில் எக்ஸ்ரே பல்சார்கள் என்னும் துடிக்கும் நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினேன். பட்டம் வாங்கிய கையோடு ஊருக்கு வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன். அதன்பின் ஆராய்ச்சிப் பக்கமே போகவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கல்லூரியில் பொதுமக்களுக்கு நடக்கும் அறிவியல் பேச்சுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறர் எடுத்த வண்ணப் படங்களைத் திரையில் போட்டு நியூட்ரான் நட்சத்திரங்களைப் பற்றி நான் பேசுவேன்.

அவரை முதலில் பார்த்தது அப்படி ஒரு பேச்சில்தான். சூரியனைவிடக் கனமான ஒன்று இங்கிருந்து பழையகாயல் வரைக்குமான அகலத்துக்குள் நசுங்கிக் கிடப்பதை எண்ணிப் பாருங்கள் என்று சொன்னேன். பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயு வந்து அதன் காந்த முனைகளில் விழுவதையும், விழுந்த இடம் கொதித்து எக்ஸ்ரே வீசுவதையும், அது சுழலச் சுழல அந்த எக்ஸ்ரே நமக்குத் துடிப்பாக வந்து சேர்வதையும் சொன்னேன். பெரும்பாலானவை சில விநாடிகளுக்கு ஒருமுறை துடிக்கும், சில விசித்திரங்கள் மட்டும் நிமிடக் கணக்கில் சோம்பலாகத் துடிக்கும் என்றேன். பேச்சு முடிந்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, "மேடம், இதுல நீங்க பாத்தது எது?" என்று கேட்டார்.

அரங்கம் சிரித்தது. கிண்டல் செய்கிறார் என்று நானும் நினைத்தேன். இதையெல்லாம் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, செயற்கைக்கோளில் இருக்கும் கருவி எக்ஸ்ரே துகள்களை ஒவ்வொன்றாக எண்ணி, வந்த நேரத்தோடு குறித்து வைக்கும், அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறோம் என்று விளக்கினேன். அவர் உட்காரவில்லை. "சரி மேடம். அப்படி நீங்க கணக்குப் போட்டுப் பாத்தது எது?" என்றார். மூன்று நட்சத்திரங்கள் என்றேன். "அந்த மூணைப் பத்தி மட்டும் சொல்லுங்களேன்" என்றார். படங்களை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் அந்த மூன்றைப் பற்றிப் பேசினேன். அன்று நான் பேசியதில் எனக்குச் சொந்தமானது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

பேச்சு முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் நின்றிருந்தார். தன் வேலையைச் சொன்னார். "உங்க நட்சத்திரம் தானா எக்ஸ்ரே விடுது, நீங்க வாங்கிப் பாக்கீங்க. நாங்க நாங்களே விட்டு, கண்டெய்னரைத் தாண்டி வாரதைப் பாக்கோம்" என்றார். அந்தக் கணக்குகளை வெளியாட்களும் பார்க்க முடியுமா என்று கேட்டார். செயற்கைக்கோள் திரட்டியவை சில காலம் கழித்து எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் கிடைக்கும் என்று சொல்லி முகவரியை எழுதிக் கொடுத்தேன். திரும்ப வரமாட்டார் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து லேப்டாப்போடு வந்தார். என் மூன்று நட்சத்திரங்களையும் அவரே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கினால் சரியான கால அளவில் மட்டும் ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டைத் திரையில் காட்டி, "இப்பம் நானும் பாத்தாச்சு மேடம்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. சங்கடமாகவும் இருந்தது. கணக்கு மென்பொருளில் எந்தக் கட்டளைக்கு எந்தக் கட்டளை தொடர்ச்சி என்று அவர் சொல்லச் சொல்ல, அதில் பாதி எனக்கு மறந்துபோயிருந்தது. தலையை ஆட்டி வைத்தேன்.

அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது வருவார். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வருவார், கையில் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் இருக்கும். என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். என்னைவிட ஏழெட்டு வயது கூடுதல் இருக்கும். சந்தேகங்களை எழுதி வைத்துக்கொண்டு கேட்பார். தெரிந்ததற்குச் சட்டென்று பதில் சொல்வேன். தெரியாததற்கு இன்னும் சட்டென்று பதில் சொல்வேன். எனக்குத் தெரியாது என்று ஒருமுறைகூட அவரிடம் நான் சொன்னதில்லை. டாக்டர் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, துறைமுகத்திலிருந்து வருகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

இடையில் ஒரு செப்டம்பரில் மணப்பாட்டுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு என்னையும் அழைத்துப் போனார்கள். அவர் மனைவிக்கு அந்த ஊர். திருச்சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய மேட்டில் வரிசை வளைந்து நின்றது. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம். இறங்கி வந்ததும் மனைவியின் அத்தை, சிலுவையை நன்றாகப் பார்த்தாயா என்று இவரிடம் கேட்டார். "நெரிசல்ல பின்னால இருந்தவர் தள்ளிட்டார் அத்தை. முத்தினேன். பாக்கல" என்றார். கிழவிக்கு முகம் வாடிவிட்டது. கோயில் வாசலில் நின்றாவது ஒரு பொய் சொல்லக்கூடாதா என்று மனைவி முணுமுணுத்தார். இவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அவர் வந்து சேரும்வரை நாங்கள் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் பார்த்தேன் என்று சொன்னேன்.

அது ஒரு ஏப்ரல் மாதம். விடைத்தாள் திருத்தும் முகாமுக்காகத் தினமும் திருநெல்வேலிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து மெயில் வந்தது. அதிகம் பேர் கவனிக்காத ஒரு எக்ஸ்ரே நட்சத்திரத்தைக் கொஞ்ச காலமாகப் பார்த்துவருவதாகவும், அதில் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பு இருப்பதுபோல் தெரிவதாகவும், இதுவரை யாரும் அப்படி எழுதியதாகத் தேடியவரை காணவில்லை என்றும் எழுதியிருந்தார். மூன்று ஃபைல் இணைத்திருந்தார். 'எனக்குத் தெரிவதுபோல் இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் உறுதி' என்று முடித்திருந்தார்.

ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் போன். இரண்டாவது ஃபைல் படம் என்பதால் தொட்டதும் திறந்தது. அழகான மேடு. பன்னிரண்டு நிமிடம் ஏழு விநாடி. சட்டென்று மனதில் கணக்கு ஓடியது. அந்தக் கணக்கைத் திரட்டிய செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிவரத் தொண்ணூற்றேழு நிமிடம். அதில் எட்டில் ஒரு பங்கு என்னவென்று பார்த்தால் பன்னிரண்டு நிமிடம் ஏழு விநாடி. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து நட்சத்திரத்தை மறைக்கும். அந்த இடைவெளிகளே கணக்கில் பொய்த் துடிப்பாக எழும்புவது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உடனே பதில் எழுதினேன், தெரிவது செயற்கைக்கோளின் சுற்றுதான், நட்சத்திரம் இல்லை என்று. எழுதி அனுப்பியதும் எனக்கு என்மேல் பெருமையாகக்கூட இருந்தது. பத்து வருடம் கழித்தும் மூளை மழுங்கவில்லையே என்று பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோழியிடம் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை கல்லூரிக்கு வந்தார். மக்ரூன் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"மூணு ஃபைலையும் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"மூணாவதையும்?"

"எல்லாத்தையும் பாத்தேன். சாட்டிலைட் ஆர்பிட்தான்."

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரி" என்றார். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சொன்ன பிறகு கேள்வி கேட்பது அவரைப் பொறுத்தவரை அவமரியாதை.

முந்தைய நாள் சாயங்காலம் நான் முயன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கணக்கு மென்பொருளை ஓட விட்டேன். ஓடவில்லை. புதிதாக ஏற்ற வேண்டும் என்றது. எப்படி ஏற்றுவது என்று படித்தால் ஒரு வரியும் புரியவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு மூடி வைத்தேன். வேலைதான் காரணம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை காரணமில்லை. பார்ப்பது எப்படி என்று எனக்கு மறந்துவிட்டது. அது வெளியே தெரிந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

மதுரையில் வானியல் ஆர்வலர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அந்த நட்சத்திரத்தைப் பற்றிப் பேச அவர் பெயர் கொடுத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்கென்று மனைவி புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தாராம். நான் சொன்ன அன்றே, தான் கண்டது தவறு என்று எழுதிப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தால் என் அறை வாசலில் நிற்கிறார். கையில் அச்செடுத்த ஓர் ஆய்வுக் கட்டுரை. வெளிநாட்டுக் குழு ஒன்று எழுதியது. அதே நட்சத்திரம், அதே பன்னிரண்டு நிமிடம். அவர்கள் வேறு பாதையில் சுற்றும் இன்னொரு செயற்கைக்கோளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். துடிப்பு நட்சத்திரத்தினுடையதுதான். அதைவிட ஒரு விசித்திரமும் சொல்லியிருந்தார்கள். வாயு வந்து விழ விழ இத்தகைய நட்சத்திரம் வேகம் கூடிச் சுழல்வதுதான் அடிக்கடி காண்பது. இது ஆண்டுக்கு ஆண்டு சுழற்சி மெதுவாகி, துடிப்பு தாமதித்துக்கொண்டே போகிறது.

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "இருக்கு மேடம். நட்சத்திரந்தான்" என்று கட்டுரையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு, மிகவும் பணிவாக, ஒரு மாணவனைப்போல் கேட்டார்.

"அந்தத் தாமதத்தைத்தான் மூணாவது ஃபைல்ல வச்சிருந்தேன். மூணு வருசத்துக் கணக்கு. ஆர்பிட்டா இருந்தா அது வருசத்துக்கு வருசம் மாறாதுன்னு எனக்குத் தோணிச்சு. நீங்க பாக்கும்போது அதுல என்ன தப்பு தெரிஞ்சுது? தெரிஞ்சா திருத்திக்கிடுவேன்."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திறக்கவில்லை என்ற ஒரே வார்த்தை. என் வாயில் வந்தது வேறு. அந்த ஃபைலில் கணக்கு எங்கேயோ இடறியிருந்தது, எந்த இடம் என்று இப்போது நினைவில்லை என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இல்லாத தவறை அவர் நான்கு மாதம் தேடினார். கண்டெய்னரில் நடுவே தெரிந்த பீரோவைத் தேடியவர், தன் வேலைக்குள்ளேயே ஒன்றைத் தேடினார். டூட்டி இல்லாத நாளெல்லாம் அதுதான். முதல் அடியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். பிறகு ஒரு நாள், எங்கெல்லாம் பிசகியிருக்கக்கூடும் என்று ஏழு இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார். முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. தாளை என் முன்னால் வைத்து, இதில் எது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

நான் தாளைப் பார்த்தேன். பூமி சூரியனைச் சுற்றிவருவதால் துகள்கள் வந்துசேரும் நேரத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். நான்காவதாக அது இருந்தது. விரலை அதன்மேல் வைத்தேன்.

"அதைச் செஞ்சிருந்தேனே" என்றார். அவர் குரலில் சந்தேகம் என்மேல் இல்லை. "செஞ்ச மாதிரித்தான் எனக்கு நினைப்பு. அப்போ அதுவும் செய்யலையா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதன்பின் வரவில்லை.

ஆறேழு மாதம் கழித்து மார்க்கெட்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டதுதான் தாமதம், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "லேப்டாப்பைத் தொடுததே இல்ல மேடம். அது போனாப் போகுது. ஸ்கேனர்ல உக்கார மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாக. இப்பம் கேட்டுல சீட்டு வாங்கி வைக்கிற வேலை. ஏன்னு கேட்டா, செஞ்சேன்னு நெனச்சது செய்யாம இருந்திருக்கு, பாத்தேன்னு நெனச்சதும் பாக்காம இருந்திருக்கும், என் கண்ண நானே நம்ப முடியலங்காக. கண் டாக்டர்ட்டயும் போயாச்சு. கண்ணுல ஒரு குறையும் இல்லையாம்."

என்ன வாங்க வந்தேன் என்பது மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. வெறும் கையோடு போய் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிச்சலில்லை. முதலில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டரை வருடத்துக்கு முந்தைய அந்த மெயிலைத் தேடி எடுத்து, முதல் ஃபைலை அன்றுதான் திறந்தேன். படம் இல்லை, கணக்கு இல்லை. எனக்கு எழுதிய கடிதம். மென்பொருள் இப்போது நிறைய மாறிவிட்டது, நீங்கள் பழகிய காலத்து முறையில் ஓடாது, கல்லூரி வேலையில் இதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருக்காது என்பதால் ஒவ்வொரு படியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன் என்று தொடங்கியிருந்தார். பத்துப் பக்கம். எங்கே எதைத் தட்ட வேண்டும், எந்த இடத்தில் நிற்கும், நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாமே இருந்தது. எனக்கு மறந்திருக்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அது எனக்கு வலிக்காதபடி எழுதவும் தெரிந்திருக்கிறது.

அதைப் பார்த்துப் பார்த்து மூன்று வாரத்தில் கணக்கை முடித்தேன். மூன்று வருடத்துக்கும் தனித்தனியாகப் போட்டேன். நேரத் திருத்தம் அவர் சரியாகவே செய்திருந்தார். எல்லாமே சரியாகச் செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். சட்டையைக்கூட மாற்றாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாங்க மேடம் என்று எழுந்தார். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன். போனில் ஒரு படம் மட்டும் பார்த்தது, மற்றதைத் திறக்காமலே பார்த்தேன் என்றது, தவறு இருந்ததாகச் சொன்னது, தாளில் விரல் வைத்தது, எல்லாம். சமையலறை வாசலில் அவர் மனைவி வந்து நின்றதை உணர்ந்தேன். அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "மூணாவது ஃபைல திறக்கவே இல்லையா?" என்றார்.

"திறக்கல அண்ணாச்சி."

"அந்த நாலாவது… அதை நான் செஞ்சிருந்தேன்தான?"

"செஞ்சிருந்தீங்க. சரியாத்தான் செஞ்சிருந்தீங்க."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என்னைத் திட்டட்டும் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"இப்பம் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன். மூணு வருசத்தையும் நானே போட்டுப் பாத்தேன்."

உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்தார். சார்ஜ் இறங்கிப்போய்க் கிடந்தது. வயரைச் செருகி, அது உயிர்பெறும்வரை காத்திருந்தார். திரை என் கண்ணில் படாதபடி தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"முதல் வருசம் எத்தனை வந்துச்சு மேடம்?"

"பன்னெண்டு நிமிசம் அஞ்சு செகண்ட்."

"ரெண்டாவது?"

"ஏழு."

"மூணாவது?"

"பத்து."

குனிந்து திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை, மறுபடி கீழிருந்து மேலாக ஒருமுறை. சரியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டார். "இருக்கு" என்றார். நான் புறப்பட்டபோது வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த மாதமே அவர் மறுபடி ஸ்கேனர் வேலையைக் கேட்டு எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கிடைத்தும்விட்டது. இப்போது வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பார்க்கவேண்டியது இருந்தால் பழையபடி மெயில் அனுப்புகிறார். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை, அதே மேடம்தான். கடைசியில் மட்டும் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 'நீங்கள் போட்ட கணக்கையும் சேர்த்து அனுப்பவும்.'

அனுப்புகிறேன்.